மீட்டர் மேல தப்பு இல்ல

புக்கிட் பாஞ்சாங்
9 பிப்ரவரி 2025

பெருமதிப்பிற்குரிய வர்ஷா அக்கா அவர்களுக்கு,

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் ஒன்பதாம் மாடியிலிருந்து ஜூரோங் வாழ் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படுவது யாதெனில்: நம் வீட்டு மின்சார மீட்டர் இன்று காலை முதல் சந்தேகத்தின் பேரில் கண்காணிப்பில் வைக்கப்பட்டுள்ளது. மீட்டர் தலைமறைவாகவில்லை. வாசலுக்கு வெளியே, அதே அலமாரிக்குள், ஒன்றும் அறியாத பிள்ளைபோல் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. விசாரணை அதிகாரியாக என்னை நானே நியமித்திருக்கிறேன். எதிர்ப்புத் தெரிவிக்க யாரும் முன்வரவில்லை.

சிரித்துவிட்டாயா? சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தாளில் எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். நீ என்னை எல்லா இடத்திலும் ப்ளாக் செய்துவிட்டாய். உன் கைப்பேசி அலாரத்தில் அப்பா குரலைப் பதிந்து வைத்தது தப்புதான். ஆனால் அது விடியற்காலையில், நீ நர்ஸாக இருக்கும் மருத்துவமனை வார்டுக்குள், "ஏர்கானை ஆஃப் பண்ணு!" என்று கத்தும் என்று நான் என்ன ஜோசியமா கண்டேன்? ஒரு தாத்தா பயந்துபோய் எழுந்து சுவிட்சைத் தேடினார் என்று அம்மா சொன்னார். அந்தத் தாத்தாவிடம் மட்டும் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

நேற்று ஜனவரி மாத பில் வந்தது. அப்பா அதைப் பிரித்தார், படித்தார், திருப்பிப் படித்தார். கரண்ட் இல்லாமலே ஷாக் அடித்ததுபோல் உட்கார்ந்துவிட்டார். பில் இறங்கவே இல்லை, அக்கா! நீ புத்தாண்டுக்கு மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். ஒரு மாதம் முழுக்க உன் அறை காலி. பில் மட்டும் டிசம்பர் மாதத்தைப் பார்த்துக் காப்பியடித்ததுபோல் வந்திருக்கிறது.

"பொண்ணு போயிட்டா, பில்லு போகலையே," என்றார் அம்மா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"மீட்டர்ல ஏதோ கோளாறு லா," என்றார் அப்பா.

"அப்ப அன்னைக்கும் மீட்டர்தானா? அவளைப் போட்டுத் திட்டினீங்களே?"

வெங்காயம் நறுக்கியது அம்மா, கண்ணைத் துடைத்தது அப்பா.

புரிகிறதா? "உன்னாலதான் இந்த வீட்டு பில் ஏறுது" என்று அன்று சொன்னவர் "தப்பு என்னுது" என்று ஒருநாளும் சொல்லமாட்டார். தான் ஓட்டும் பேருந்தை நிறுத்தம் தாண்டி நிறுத்தினாலும், நிறுத்தம்தான் பின்னால் நகர்ந்துவிட்டது என்று சாதிக்கிற மனிதர். ஆனால் "தப்பு மீட்டருது" என்று சொல்லி உன்னைக் கூப்பிட அவரால் முடியும். ஆகவே மீட்டர் குற்றவாளி என்று நிரூபிப்பது என் பொறுப்பு. நீ பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திரு.

இதெல்லாம் உனக்காக மட்டும்தான். எனக்கு நீ இல்லாதது ரொம்ப வசதி. குளியலறை காலி. நான் பாட்டுப் போட்டால் சுவரைத் தட்டி "சத்தம் போடாதடா" என்று அதட்ட அடுத்த அறையில் ஆள் இல்லை. உன் அறைப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
விடுதலை பெற்ற தம்பி,
ராஜீவ்


ஜூரோங் வெஸ்ட்
15 பிப்ரவரி 2025

டேய் ராஜீவ்,

உன் கடிதத்தை வீட்டுக்கார ஆன்ட்டி கையில் வைத்துக்கொண்டு, ஏதோ நீதிமன்ற ஓலை என்று நினைத்து, நான் வேலை முடிந்து வரும்வரை வாசலிலேயே நின்றிருக்கிறார். உறைமேல் சிவப்பு மையில் "மிக இரகசியம்" என்று எழுதினால் வேறு என்ன நினைப்பார்? இனிமேல் அப்படி எழுதாதே.

ப்ளாக்கை எடுக்கமாட்டேன். அந்த அலாரத்துக்காக தலைமைத் தாதியிடம் நின்று விளக்கம் சொன்னவள் நான். எழுத வேண்டும் என்றால் தாளில் எழுது. உன் கையெழுத்தாவது தேறும்.

இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். இந்த வீட்டில் ஏர்கானுக்கு நேரக்கட்டுப்பாடு உண்டு. இரவு பத்திலிருந்து காலை ஏழு வரைதான் போடலாம். நான் இரவு வேலைக்குப் போகிறவள். நான் திரும்பி வந்து காலணியைக் கழற்றும்போது ஆன்ட்டி வந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டு போவார். என் அறைத்தோழி யும்னாவுக்குப் பகல் வேலை. ஆகவே அந்தக் குளிர் முழுவதும் அவளுக்கு. நான் ஈரத் துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு, காற்றாடியைப் பார்த்தபடி மதியம் வரை புரள்கிறேன். நல்ல பெண் யும்னா. குற்ற உணர்ச்சியில் தினமும் எனக்கு ஐஸ் மைலோ வாங்கி வைக்கிறாள்.

என்றாலும் இங்கே ஒரு நிம்மதி இருக்கிறது. யாரும் என் முகத்துக்கு நேரே பில்லை நீட்டுவதில்லை. ராஜீவ், எனக்கு வலித்தது ஏர்கான் விஷயம் இல்லைடா. இரவெல்லாம் பிறர் தூங்குவதற்காக விழித்திருந்துவிட்டு வருகிறேன். நான் தூங்குவது இந்த வீட்டுக்குப் பாரம் என்று அப்பா சொன்னதுபோல் இருந்தது.

வீட்டுக்கார ஆன்ட்டி ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் கேட்கிறார். மார்ச் 21-க்குள் கையெழுத்துப் போடவேண்டும். போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். அப்பாவே கூப்பிட்டால் அது வேறு. மீட்டரை விட்டுக் கூப்பிட வேண்டாம்.

அம்மா தேக்காவில் வேலை பார்க்கும் கடையிலிருந்து வரும்போது எனக்கு ஒரு பாக்கெட் அப்பளம் எடுத்து வைக்கச் சொல். நீ கொண்டுவரவேண்டாம். வழியிலேயே தின்றுவிடுவாய்.

வர்ஷா


புக்கிட் பாஞ்சாங்
22 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

வெற்றி! வெற்றி! மீட்டரின் சாயம் வெளுத்தது!

இன்று சனிக்கிழமை. அம்மாவுக்குக் கடை விடுமுறை. அப்பாவுக்கும் இந்த மாதம் சனி, ஞாயிறு ஓய்வு. குடும்பமே கூடியிருந்த சுபவேளையில் நான் அறிவியல் முறைப்படி சோதனை நடத்தினேன். முறை இதுதான். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். அப்புறம் வெளியே போய் மீட்டரைப் பார்க்க வேண்டும். வீட்டில் ஒரு விளக்குகூட எரியாதபோது மீட்டர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் அது பொய் சொல்கிறது.

"மெயினை அணைக்கிறேன்" என்று நான் முன்னறிவிப்புக் கொடுத்தேன். கிரைண்டர் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்கவில்லை. அரைத்துக்கொண்டிருந்த உளுந்து பாதியில் நின்றது. அம்மா கரண்டியோடு என்னைத் தேடினார். நான் அதற்குள் வெளியே, அலமாரிக் கதவைத் திறந்து, மீட்டர் முன் குந்தி உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு சிமிட்டுகிறது, அக்கா! வீடே இருட்டு, மீட்டர் மட்டும் ஜம்மென்று ஓடுகிறது!

"அப்பா! ஓடுது! ஓடுது!" என்று நான் கத்திய கத்தலில் மாடியில் இருந்த எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். "நான்தான் சொன்னேன்ல? சொன்னேன்ல லா?" என்று எல்லாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் "அப்ப அந்தப் பிள்ள..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டார். ஆரம்பித்தாரே, அது போதாதா?

இடம் போதவில்லை, இத்துடன் முடிக்கிறேன். விரைவில் அழைப்பு வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதே.

மாபெரும் துப்பறிவாளர்,
ராஜீவ்


ஜூரோங் வெஸ்ட்
27 பிப்ரவரி 2025

மாபெரும் துப்பறிவாளர் அவர்களுக்கு,

இடம் போதவில்லையா? தாளின் பின்பக்கம் முழுக்கக் காலியாக இருக்கிறதே. அங்கே எழுதவேண்டியதை அம்மா போனில் சொல்லிவிட்டார்.

"ராஜீவ், அது என் மீட்டர்டா. நான் சோறு வச்சிருக்கேன்" என்று பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் ஆன்ட்டி சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது? அதைப் பற்றி இரண்டு வரி எழுதேன். ஆன்ட்டி வீட்டுச் சோற்றுப்பானை ஓடுவதைப் பார்த்து நம் மீட்டருக்குத் தண்டனை கொடுக்கப் பார்த்திருக்கிறாய். நம் மீட்டர் பக்கத்தில் செத்ததுபோல் நின்றதாம். உளுந்தும் வீணாகி, அன்று வீட்டில் பிரெட் சாப்பிட்டீர்களாம்.

நான் யும்னாவிடம் சொல்லி, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, வீட்டுக்கார ஆன்ட்டி கதவைத் தட்டும்வரை போய்விட்டது. ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன். அதற்காக உனக்கு நன்றி.

இனி நான் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் சொல்.

நம் வீட்டு மின்சாரக் கணக்குச் செயலி என் கைப்பேசியில்தான் இருக்கிறது. "எனக்கு அதெல்லாம் வேணாம், தாள்ல வந்தா போதும்" என்று அப்பா சொன்னதால் நான்தான் பதிந்து வைத்தேன். வீட்டை விட்டு வந்தபின் அதைத் திறக்க மனசு வரவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் திறந்து பார்த்தேன். அரை மணிக்கு ஒருமுறை எவ்வளவு மின்சாரம் போனது என்று கோடு போட்டுக் காட்டும். ஒரு நாள் தாமதமாக வரும், ஆனால் வரும்.

தினமும் மதியம் இரண்டு மணி வாக்கில் கோடு மலைபோல் ஏறுகிறது. ஏழு மணி வாக்கில்தான் இறங்குகிறது. வாரநாள்களில் மட்டும். சனி, ஞாயிறு தரைமட்டம். இந்த மேடு எனக்கு நல்ல பழக்கம். நான் வீட்டில் தூங்கியபோது இதே மேடுதான் காலையிலேயே தொடங்கிவிடும். இது என் அறை ஏர்கான்.

எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்றாயே? என் கட்டிலில் படுத்துக்கொண்டு கேம் விளையாடுகிறாயா, திருட்டுப் பயலே?

வர்ஷா


புக்கிட் பாஞ்சாங்
8 மார்ச் 2025

அக்கா,

முதலில் என் வன்மையான கண்டனம். இரண்டு மணிக்கு நான் பள்ளியில் இருக்கிறேன். வித்யா டீச்சர் வகுப்பில் உறவுமுறைக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியூரில் இருக்கும் சகோதரிக்கு அறிவுரை கூறி எழுதச் சொன்னார். அறிவுரை கேட்கும் சகோதரி எங்கே கிடைப்பாள் என்று கேட்டேன், நிற்க வைத்துவிட்டார். வேண்டுமானால் டீச்சரையே கேள்.

இப்போது கேலி இல்லாமல் எழுதுகிறேன். நேற்று வெள்ளிக்கிழமை ஆசிரியர்களுக்குக் கூட்டம் என்று எங்களைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். இரண்டரைக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். சத்தம் போடாமல் கதவைத் திறந்தேன். அப்பாவைப் பயமுறுத்தலாம் என்றுதான்.

அப்பா கூடத்துச் சோபாவில் படுத்திருந்தார். பஸ் கேப்டன் சீருடையைக்கூட மாற்றவில்லை. கூடத்தில் ஏர்கான் இல்லையே, தலைக்கு மேலே காற்றாடி மட்டும் சுற்றியது. சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. வாயைத் திறந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

உன் அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே ஏர்கான் ஓடுகிற சத்தம்.

நான் மெதுவாகத் திறந்து பார்த்தேன். யாரும் இல்லை. கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. அறை மட்டும் குளிர்ந்து கிடந்தது. கதவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்பா புரண்டு படுத்து, "கதவை மூடுடா" என்று தூக்கத்திலேயே சொன்னார். மூடிவிட்டேன்.

குளிர் உள்ளே, அப்பா வெளியே. இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. கேட்கலாம் என்று பார்த்தால், எழுந்ததும் என்னைக் கண்டு திடுக்கிட்டு, "இன்னைக்கு ஏன் சீக்கிரம்?" என்று என்னையே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

இதில் வேடிக்கை, மீட்டரைச் சோதிக்க ஆள் வரச்சொல்லிப் போன வாரமே பதிவு செய்திருக்கிறார். 17-ஆம் தேதி வருகிறார்கள். இத்தனை மின்சாரம் போகவே போகாது என்று அம்மாவிடம் சத்தியம் செய்கிறார். ஏர்கானை அவரே போட்டுவிட்டு எப்படி அவரால் சத்தியம் செய்ய முடிகிறது?

குழம்பிய துப்பறிவாளர்,
ராஜீவ்


ஜூரோங் வெஸ்ட்
12 மார்ச் 2025

ராஜீவ்,

உன் கடிதத்தைப் பேருந்தில் படித்தேன். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இந்த முறை நிறுத்தம் நகரவில்லை, நான்தான் நகர்ந்துவிட்டேன்.

உனக்குப் புரியாதது எனக்குப் புரிந்தது. நீ பள்ளியில் இருப்பாய், அம்மா கடையில் இருப்பார். மதியம் அந்த வீட்டில் இருப்பது நானும் அப்பாவும்தான். அப்பா விடியுமுன் பேருந்து எடுக்கப் போய், மதியம் திரும்புவார். அப்போது நான் தூக்கத்தில் இருப்பேன். வருடக்கணக்காக நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசியதைவிட, கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்ததுதான் அதிகம். சாவி திருப்பும் சத்தம் கேட்கும். பிறகு காலணியைக் கையில் எடுத்து வைப்பார், தரையில் போடமாட்டார். டிவியை வாயசைவு மட்டும் தெரிகிற அளவுக்கு வைத்துக்கொள்வார். நான் பாதி விழித்தபடி இதையெல்லாம் கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போவேன்.

நான் அவர் சத்தத்தைக் கேட்டேன். அவர் எதைக் கேட்டிருப்பார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த ஏர்கானைத்தான் கேட்டிருக்கிறார்.

இரண்டு நாளாக வேலை முடிந்து வந்ததும் செயலியைத் திறந்து, மேடு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். யும்னா என்னைப் பைத்தியம் என்கிறாள்.

ஆனால் ஒன்று. மூடிய அறைக்கு ஏர்கான் போடுவதும் மகளைக் கூப்பிடுவதும் ஒன்றல்ல. கூப்பிட்டால்தான் வருவேன். 21-ஆம் தேதியும் மாறவில்லை. ஆன்ட்டி தாளை மேசைமேல் வைத்து, பறக்காமல் இருக்கப் பேனாவையும் அதன்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதை வைத்து அப்பாவைக் கிண்டல் செய்யாதே. கேட்கவும் கேட்காதே. எதை வேண்டுமானாலும் விளையாட்டாக்கு, இதை வேண்டாம்.

இன்னொன்று. நாலு மணி ஆனால் அப்பா எழுந்து கீழே காப்பிக்கடைக்குப் போய்விடுவார், இருட்டின பிறகுதான் வருவார். மேடு ஏழு வரை போகிறதே, அது எப்படி?

வர்ஷா


புக்கிட் பாஞ்சாங்
17 மார்ச் 2025, இரவு

அக்கா,

உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அப்பா அணைக்க மறந்துவிட்டுப் போய்விடுகிறார். வயசாகிறதல்லவா. அவ்வளவுதான், அதை விடு.

மீட்டர்காரர் இன்று வந்தார். பள்ளி விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். அப்பா இதற்காகவே வேலையைப் பாதி நாளாக்கிக்கொண்டு, குளித்து, திருநீறு பூசி, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருப்பதுபோல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வந்தவர் பெயர் ரஃபீக். வந்ததும் அப்பா தேநீரை நீட்டினார். "நோன்புண்ணே," என்றார் அவர். அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு, நீட்டிய தேநீரைத் தானே ஒரே மடக்கில் குடித்து, சுட்டுக்கொண்டு, கண் கலங்கி நின்றார். நான் கிண்டல் செய்யவில்லை. சத்தியமாக.

அவர் வெளியே மீட்டரில் ஒரு கருவியை மாட்டினார். உள்ளே வந்து ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். முதலில் கெட்டில், அப்புறம் வெந்நீர் ஹீட்டர், அப்புறம் என் அறை ஏர்கான். ஒவ்வொன்றுக்கும் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மீட்டர் நல்லா இருக்குண்ணே. ஒரு குறையும் இல்ல. உங்க வீட்ல மதியத்துக்கு மேல லோட் ஏறுது, பாருங்க." தன் திரையில் அந்த மேட்டைக் காட்டினார். நீ எழுதினாயே, அதே மேடு. "யாரோ ஏர்கான் போடுறாங்க. அந்த ரூம்தான் இன்னும் பாக்கல. அதையும் போட்டுப் பாத்துரலாமா?"

உன் அறைப் பக்கம் போய்க் கைப்பிடியில் கை வைத்தார். அப்பா சோபாவிலிருந்து எழுந்த வேகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

"வேணாம், வேணாம்லா," என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "எம் பொண்ணு தூங்குது. நைட் ஷிஃப்ட். நர்ஸு."

ரஃபீக் அண்ணன் சட்டென்று கையை எடுத்துவிட்டார். அப்புறம் அவரும் கிசுகிசுவென்றுதான் பேசினார். "என் தங்கச்சியும் நர்ஸுதாண்ணே. பகல்ல தூங்க ஏர்கான் இல்லாம முடியாது. பாவம், போடட்டும் விடுங்க." அப்பா தலையாட்டினார். "ஆமா, போடட்டும்," என்றார். கருவிப்பெட்டியை மூடும்போது சத்தம் வராமல் இருக்க ரஃபீக் அண்ணன் அதைத் துணியில் சுற்றினார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "அண்ணே, உங்க ஸ்க்ரூ ட்ரைவர்" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அப்பா என் பக்கம் திரும்பி, "மெதுவாப் பேசுடா, எந்திரிச்சுருவா" என்றார்.

அதோடு என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

அம்மா போட்டு வைத்திருந்த வடையை நோன்பு திறக்க என்று கட்டிக் கொடுத்து அனுப்பினோம். ரஃபீக் அண்ணன் நுனிக்காலில் நடந்து போனார். கதவைச் சாத்திவிட்டு அப்பா அங்கேயே நின்றார். காலி அறைக்கு வெளியே நாங்கள் இரண்டு பேர். அப்பா கேட்டார்:

"அவளுக்குத்தான் எழுதிட்டு இருக்க?"

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தலை மட்டும் தானாக ஆடிவிட்டது.

"அப்ப இதையும் எழுது. மீட்டர் மேல தப்பு இல்லன்னு எழுது."

"சரிப்பா."

"அவ மேலயும் இல்லன்னு எழுது."

சொல்லிவிட்டுக் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெளியே போய்த்தான் தரையில் போட்டார். பாதி வழியிலிருந்து திரும்பி வந்து, "வீட்டுக்கு வரச் சொல்லி நான் சொன்னேன்னு எழுது. நான் சொன்னேன்னு," என்றார்.

எழுதிவிட்டேன், அக்கா. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ராஜீவ்


ஜூரோங் வெஸ்ட்
20 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

நின்றபடியே எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஆன்ட்டியிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அப்பா கூப்பிட்டார்" என்று சொன்னதும் பேனாவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். என் கட்டிலுக்கு யும்னாவின் தோழி வருகிறாளாம். அவளுக்கும் இரவு வேலை. யும்னா மட்டும் மைலோ வாங்கும் கணக்கைத் தொடரவேண்டும்.

ஞாயிறு மாலை வருகிறேன். அப்பாவிடம் நானே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். "ம்" என்றார். அப்புறம், "அந்த ரூமு ஃபில்டர் கழுவி வச்சிருக்கேன்," என்றார். போனை நான்தான் முதலில் வைத்தேன்.

உன் ப்ளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் உனக்குத் தாள்தான் பொருத்தம் என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப்பில் நீ இவ்வளவு நன்றாக எழுதமாட்டாய்.

வர்ஷா


உன் அறைக் கதவுக்கு வெளியே
25 மார்ச் 2025

அக்கா,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டவில்லை. கதவுக்கு அடியில் தள்ளப்போகிறேன். நீ உள்ளே தூங்குகிறாய். உன் ஏர்கான் ஓடுகிறது. அப்பா சோபாவில் தூங்குகிறார், காப்பிக்கடைக்குப் போகவேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது, எழுப்பவும் எனக்கு மனசில்லை. நான் பள்ளியிலிருந்து வந்து, காலணியைக் கையில் எடுத்து வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்த வழக்கைத் தீர்த்து வைத்தவன் நான்தான் என்று நேற்று இரவு சாப்பிடும்போது நான் அடித்த தம்பட்டத்தை நீ கேட்டுக்கொண்டிருந்தாய். அப்பளத்தை மட்டும் மெதுவாகக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாய். அதனால்தான் இந்த ஒப்புதல் வாக்குமூலம்.

அப்பா அணைக்க மறந்ததே இல்லை. நாலு மணிக்கு எழுந்து, உன் ஏர்கானை அணைத்து, ரிமோட்டைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் கீழே போவார். நாலரைக்கு நான் வருவேன். அறையில் குளிர் அப்படியே இருக்கும். அது ஏன் என்று நான் யோசித்ததில்லை. உன் அறை எப்போதும் குளிராகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுபடி போடுவேன். அம்மா வருவதற்குள் ஏழு மணிக்கு அணைத்துவிடுவேன்.

முதல் நாள் போட்டது வெற்றிவிழா கொண்டாடத்தான். நீ போன அறையைக் கைப்பற்றிவிட்டேன் என்று உன் கட்டிலில் நின்று குதித்தேன். பாட்டைச் சத்தமாகப் போட்டேன். யாரும் சுவரைத் தட்டவில்லை. அப்புறம்தான், தட்ட வேண்டியவளின் அறையிலேயே நின்றுகொண்டு நான் காத்திருக்கிறேன் என்பது புரிந்தது. பாட்டை நிறுத்திவிட்டேன். மறுநாள் உன் மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். அப்புறம் தினமும். உனக்கு எழுதிய எல்லாக் கடிதங்களும் அங்கேயேதான் எழுதினேன், இதைத் தவிர. எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று எழுதியதும் அங்கேதான்.

அப்பா சத்தியம் செய்தது பொய்யில்லை. தான் போட்ட இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவு பில் வராது என்று அவருக்குத் தெரியும். நான் போட்டதற்கும் வராது என்று எனக்குத் தெரியும். அவர் பாதியை அவர் மறைத்தார், என் பாதியை நான் மறைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து முழுப்பழியையும் மீட்டர் தலையில் கட்டிவிட்டோம். மாபெரும் துப்பறிவாளர் ஒன்றரை மாதமாகத் தேடிய குற்றவாளியில் பாதி, துப்பறிவாளர்தான்.

உனக்கு முன்னாலேயே தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்தால் சிரித்துவிடு. அப்பாவிடம் மட்டும் சொல்லாதே. வாசலில் நின்று மீட்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அது வழக்கம்போல் கண்ணைச் சிமிட்டியது.

நான் என் அறைக்குப் போகிறேன். நீ எழுந்ததும் சுவரை ஒரு தட்டுத் தட்டு. நீ எழுகிற சத்தம் கேட்டதும் பாட்டைச் சத்தமாகப் போட்டு வைத்திருப்பேன்.

ராஜீவ்